துருவமும் நம்ம ஊர்க் கடற்கரையும்: காலநிலை மாற்றம் நடத்தும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி சுற்றுவட்டாரப் பள்ளிகளில் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்துகிற ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் பல வருடம் சாக்பீஸ் தூள் விழுங்கியவன்தான். சில கேள்விகள் பிள்ளைகள் ஆசிரியர்களிடம் கேட்டு, அவர்கள் என் பக்கம் தள்ளிவிட்டவை. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும் என்று இல்லை. நாளைக்கு எந்த வகுப்போ அதற்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் துருவத்தைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்?

துருவம் வருடா வருடம் நம் ஊருக்கு வந்து போகிறது. நமக்குத்தான் தெரிவதில்லை.

மார்கழியில் மரக்காணத்துப் பக்கம் கழுவெளி ஏரிக்கோ உப்பளங்களுக்கோ போய்ப் பாருங்கள். பிச்சாவரத்துச் சேற்றுத்திட்டுகளிலும் பார்க்கலாம். சேற்றைக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டே இருக்கும் சின்னச் சின்னப் பறவைகள் இருக்கும். அவற்றில் கொசு உள்ளான் என்று ஒன்று. எடுத்து எடைபோட்டால் ஓர் எலுமிச்சம்பழம் அளவுகூடத் தேறாது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் ஓரத்துத் தரைகளில், அங்கே பனி விலகுகிற ஜூன், ஜூலை மாதங்களில். குளிர் தொடங்கியதும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து நம் சேற்றுக்கு வந்துவிடுகிறது. அங்கே பனி உருகும் நாள் முன்னே பின்னே தள்ளிப்போனால் பூச்சிகள் பெருகும் நாளும் மாறும். குஞ்சுக்கு இரை கிடைக்கும் நேரமும் மாறும்.

முதல் வகுப்பைத் துருவக் கரடியில் தொடங்காமல் இந்த உள்ளானில் தொடங்கிப் பாருங்கள். கரடி டிவியில் இருப்பது. உள்ளானைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

எங்கே தொடங்கினாலும் பிள்ளைகள் குழம்புகிறார்கள். என்ன காரணம்?

என் அனுபவத்தில், பாதிக் குழப்பம் ‘பனி’ என்கிற ஒரே சொல்லால் வருகிறது.

நம் பிள்ளைக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் புல்மேல் இருக்கும் துளி. ‘பனி பெய்யுது, தலையில துண்டு போட்டுக்கோ’ என்று பாட்டி சொல்வது. நெய்வேலிச் சாலையில் வண்டி விளக்கை மறைக்கும் மூட்டம். இப்படி நாம் பனி என்று சொல்கிற எதுவும் உறைந்ததே இல்லை. அந்தப் பிள்ளையிடம் போய் ‘பனி உருகுகிறது’ என்றால், வெயில் ஏறியதும் பனி போய்விடும்தானே, அதில் என்ன ஆச்சரியம் என்று நினைக்கும். ஒரு மாணவன் என்னிடம் இப்படியே கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

இதற்கு மேல் செய்தித்தாள்கள் செய்யும் குழப்பம் வேறு. மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வரும் பனியாறும் ‘பனிப்பாறை’, கடலில் மிதக்கும் பெரிய ஐஸ் மலையும் ‘பனிப்பாறை’. ஆனால் கடல்மட்டம் என்று வரும்போது இரண்டும் ஒன்றல்ல. ஒன்று உருகினால் கடல் உயரும், ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் மற்றது உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அதனால் நான் முதல் நாளே கரும்பலகையில் ஐந்து சொல் எழுதிவிடுவேன். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவது பனித்தூவல். கடல்நீரே உறைந்து ஆடை மாதிரி மிதப்பது கடல்பனி. பாலில் ஆடை கட்டுவதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். பனித்தூவல் ஆயிரக்கணக்கான வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அமுங்கி, கண்டத்தையே மூடிக் கிடப்பது பனிவிரிப்பு. அது சரிவில் இறங்கி வழிந்தால் பனியாறு. அதன் முனை உடைந்து கடலில் மிதந்தால் பனிப்பாறை. நீங்கள் வேறு சொல் வைத்துக்கொண்டாலும் சரி, ஆண்டு முழுவதும் அதையே சொல்லுங்கள்.

ஆர்க்டிக், அண்டார்டிகா வேறுபாட்டை மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்களே?

கோயில் குளத்தைச் சொல்லுங்கள். நாலு பக்கமும் படிக்கட்டு, நடுவில் தண்ணீர். அந்தத் தண்ணீர்மேல் ஒரு தகடு உறைந்து மிதந்தால் அது ஆர்க்டிக். நிலம் சுற்றி வளைத்த கடல். அதே குளத்தில் நடுவே நீராழி மண்டபம் இருக்கிறது, அதன் தலைமேல் ஐஸ் கொட்டிக் குவித்திருக்கிறது என்றால் அது அண்டார்டிகா. கடல் சுற்றி வளைத்த நிலம்.

ஓவியப் போட்டிகளில் பென்குயினும் துருவக் கரடியும் கைகோத்து நிற்கும். கரடி வடக்கே, பென்குயின் தெற்கே. பரிசு கொடுங்கள், ஆனால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அண்டார்டிகாவின் பரப்பு சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர், இந்தியாவைப் போல நாலு மடங்குக்கு மேல். அதன்மேல் கிடக்கும் பனிவிரிப்பின் கனம் சராசரியாகவே 2 கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. கடலூரிலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகும் தூரத்தைச் செங்குத்தாக நிமிர்த்தி வைத்தது மாதிரி என்று நான் சொல்வேன். துல்லியமான ஒப்பீடு இல்லைதான், ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

வானிலைக்கும் காலநிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில்?

இன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருக்கிறது என்றால் அது வானிலை. உங்கள் வீட்டுக் கைப்பக்குவம் காலநிலை. ஒருநாள் உப்பு கூடினால் கைப்பக்குவம் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், முப்பது வருடமாகக் கூடிக்கொண்டே வந்தால் சொல்லத்தான் வேண்டும்.

ஐஸ் கட்டிச் சோதனையை எப்படிச் செய்வது? எனக்குச் சரியாக வரவில்லை.

எனக்கும் முதல் தடவை வரவில்லை. சத்துணவுக் கூடத்திலிருந்து இரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கிவந்து வைத்தேன். உள்ளே மட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை. அடுத்த முறை துறைமுகத்தில் ஐஸ் பார் உடைத்து வாங்கினேன். வகுப்பு முழுக்க மீன் வாடை. ‘சார், நெத்திலி எங்கே?’ என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

இப்போது செய்கிற முறை இது. பக்கம் தெரிகிற இரண்டு பிளாஸ்டிக் டப்பா, ஒரே அளவு. ஒன்றில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டிகளை மிதக்க விடுங்கள். இன்னொன்றில் ஒரு கல்லை வைத்து, கல்லின் தலை வெளியே தெரியும்படி தண்ணீர் ஊற்றி, அந்தத் தலைமேல் அதே எண்ணிக்கையில் ஐஸ் வையுங்கள். ஐஸ் வைத்த பிறகுதான் மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறிக்க வேண்டும். முன்னாலேயே குறித்துவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு. அப்புறம் ‘எந்த டப்பாவில் மட்டம் ஏறும்?’ என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் முதல் டப்பாவுக்குத் தூக்குவார்கள். விடையைச் சொல்லாமல் வேறு பாடத்துக்குப் போய்விடுங்கள். நம் ஊர் வெயிலில் சின்னக் கட்டியாக இருந்தால் ஒரு பீரியடு போதும்.

மிதந்த ஐஸ் உருகினால் மட்டம் அப்படியே இருக்கும். கல்மேல் இருந்தது உருகினால் ஏறும். ஆர்க்டிக் கடல்பனி முதல் டப்பா, கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது.

டப்பாவின் வெளிப்பக்கம் வியர்க்கும். ‘ஒழுகுது சார்’ என்பார்கள். அது காற்றில் இருக்கும் ஈரம், நம் கடற்கரைக் காற்றில் அது நிறையவே இருக்கிறது. அதையும் ஒரு நிமிடம் பேசிவிட்டு வாருங்கள்.

உங்கள் வகுப்பில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ‘கடல் உப்புத் தண்ணீர் ஆச்சே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. உப்புநீர் கொஞ்சம் அடர்த்தி கூடியது, உருகி வருவது ஏறக்குறைய நல்ல தண்ணீர். அதனால் மிதக்கும் ஐஸ் உருகினாலும் மட்டம் மிக மிகச் சிறிதாக ஏறும். உருகிவந்த நீரில் நூறில் இரண்டு, மூன்று பங்கு அளவுக்குத்தான். டப்பாவில் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் ஆர்க்டிக் கடல்பனி உருகினால் நமக்கு நட்டமில்லையா?

சோதனை முடிந்ததும் இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வர வேண்டும்.

கோடையில் கோயிலுக்குப் போனால் பிராகாரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்துப் பாதை போட்டிருப்பார்கள். அந்தப் பாதையில் நடந்தால் கால் தாங்கும். ஓர் அடி தள்ளிக் கருங்கல்லில் வைத்தால் துள்ளிக் குதிப்போம். வெயில் ஒன்றுதான், வெள்ளை அதைத் திருப்பி அனுப்புகிறது, கருங்கல் குடித்துக்கொள்கிறது. ஆர்க்டிக்கில் கடல்பனிதான் அந்த வெள்ளைப் பாதை. புதுப் பனித்தூவல் மூடிய கடல்பனி, மேலே விழும் வெளிச்சத்தில் நூறில் எண்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகிக் கடல் திறந்துகொண்டால் நூறில் தொண்ணூறுக்கு மேல் கடல் குடித்துவிடும். குடித்த வெப்பம் பக்கத்துப் பனியை உருக்கும், அங்கேயும் கடல் திறக்கும். இப்படி ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும்.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அங்கே கடல்பனி மிகக் குறைவாக இருப்பது செப்டம்பர் மாதம். 1980-களில் அந்த மாதத்தில் 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்தது, 2012-இல் 34 லட்சத்துக்கு இறங்கியது.

மே மாதம் பிள்ளைகளோடு வெளியே போக முடிந்தால், ஒரு வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் வெயிலில் விரித்து, பத்து நிமிடம் கழித்துக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெப்பமானி தேவையே இல்லை.

ஐஸ் உருகுவதால் மட்டும்தான் கடல் உயர்கிறதா?

இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் மை கலந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, மூடியில் துளைபோட்டு ஒரு ஸ்ட்ராவைச் செருகி, சுற்றிலும் களிமண் அப்பி அடைத்துவிடுங்கள். பாட்டிலைச் சுடுதண்ணீரில் இறக்கினால் ஸ்ட்ராவில் மை ஏறும். முதலில் ஒரு நொடி கீழே இறங்கும், பயப்பட வேண்டாம். கண்ணாடி முதலில் சூடாகி விரிவதால் அப்படி.

1901-இலிருந்து 2018-க்குள் உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 1971-க்குப் பிறகு நடந்த உயர்வில் ஏறத்தாழப் பாதி, கடல்நீர் இப்படிச் சூடேறி விரிந்ததால் வந்தது. மீதி பெரும்பாலும் உருகிய பனி.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்காகக் கொடுக்க ஏதாவது உண்டா?

உண்டு. எனக்கு ரொம்பப் பிடித்தது இது. உலகக் கடல்களின் மொத்தப் பரப்பு சுமார் 36.1 கோடி சதுர கிலோமீட்டர். கடல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர எவ்வளவு தண்ணீர் வேண்டும்? மில்லிமீட்டரைக் கிலோமீட்டராக மாற்றத் தெரிந்தால் போதும். 361 கன கிலோமீட்டர் வரும். ஒரு கன கிலோமீட்டர் தண்ணீர் 100 கோடி டன். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 36,100 கோடி டன் பனி.

அடுத்த கேள்வி: கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கு மேல் பனியை இழக்கிறது. அதனால் கடல் எவ்வளவு உயரும்? முக்கால் மில்லிமீட்டரை ஒட்டி வரும். 2006–2018 காலத்தில் மொத்த உயர்வு ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். மீதி எங்கிருந்து வந்தது என்று அவர்களையே யோசிக்க விடுங்கள்.

‘3.7 மில்லிமீட்டர்தானா?’ என்று ஏமாந்துபோவார்கள். தேவனாம்பட்டினத்து மணல் சரிவைக் காட்டுங்கள். சரிவு குறைந்த கரையில் மட்டம் ஒரு விரல்கடை ஏறினால் தண்ணீர் பல அடி உள்ளே வரும். புயல் அலை அந்த உயர்ந்த மட்டத்தின்மேல் ஏறித்தான் வருகிறது.

பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடு அடைத்து விளக்கு வெளிச்சத்தில் சூடுபடுத்தும் சோதனை செய்யலாமா?

நான் செய்வதில்லை. ஆப்பச்சோடாவும் வினிகரும் கலந்து ஒரு பாட்டிலில் வாயுவை நிரப்பி, சும்மா காற்று இருக்கும் பாட்டிலோடு ஒப்பிடுவார்கள். வெப்பநிலை கூடத்தான் செய்யும். ஆனால் அந்தச் சின்னப் பாட்டிலுக்குள் அது கூடுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணம்: கனமான வாயு கீழே தங்கி, உள்ளே இருப்பது மேலும் கீழும் கலப்பது குறைந்துவிடுகிறது. விடை சரி, வழி தப்பு. கணக்கில் அப்படி எழுதினால் மதிப்பெண் குறைப்போம் அல்லவா?

அதற்குப் பதிலாக இரண்டு இரவுகளை ஒப்பிடச் சொல்லுங்கள். மேகம் மூடிய இரவு புழுங்குகிறது, வானம் தெளிந்த தை மாத இரவு குளிர்கிறது. பூமி இரவில் வெப்பத்தை மேலே விடுகிறது, மேலே ஏதாவது போர்வை இருந்தால் அது தங்குகிறது. மேகம் செய்யும் அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது கார்பன் டை ஆக்சைடு.

காலநிலை முன்பும் மாறித்தானே இருக்கிறது? இப்போது மட்டும் மனிதன்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

துருவப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. சாட்சி அண்டார்டிகாவுக்குள் புதைந்து கிடக்கிறது.

பனித்தூவல் விழும்போது துகள்களுக்கு இடையே காற்று மாட்டிக்கொள்கிறது. மேலே மேலே விழுந்து அமுங்கினால் அந்தக் காற்று குமிழாக அடைபட்டுவிடும். கீழே போகப் போகப் பழைய காற்று, பரணில் அடியில் கிடக்கும் பெட்டியில் பழைய துணி இருப்பது மாதிரி. நீளமாகத் துளைபோட்டு உருளை உருளையாகப் பனியை எடுத்து, குமிழில் இருக்கும் காற்றைச் சோதிக்கிறார்கள். இப்படி 8 லட்சம் வருடத்துப் பதிவு கையில் இருக்கிறது. அந்தக் காலம் முழுவதும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டவே இல்லை. தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் 280 அளவில் இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

ஆமாம், முன்பும் மாறியது. குமிழ்களே அதைச் சொல்கின்றன. பல ஆயிரம் வருடத்தில் ஏறி இறங்கியது, இந்த முறை ஒன்றரை நூற்றாண்டுக்குள் அதற்கு மேலே போய்விட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வரும் கார்பனுக்குத் தனி அடையாளம் உண்டு, அந்த அடையாளம் காற்றில் கூடிக்கொண்டே வருகிறது.

ஓசோன் ஓட்டை வழியாக வெயில் உள்ளே வந்துதான் பனி உருகுகிறது என்று எழுதுகிறார்களே?

தப்பு. ஆசிரியர்களிலேயே பலர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓசோன் தடுப்பது புறஊதாக் கதிரை. அது வேறு கதை: 1985-இல் அண்டார்டிகா மேலே ஓசோன் குறைவதை அறிவித்தார்கள், 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது, கெடுக்கும் வாயுக்கள் குறைந்தன, படலம் மெல்லத் தேறிவருகிறது. உலக நாடுகள் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்க முடியும் என்பதற்கு உதாரணமாக வேண்டுமானால் சொல்லுங்கள்.

அண்டார்டிகாவில் பனி கூடிக்கொண்டே போகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

பழைய செய்தியை யாரோ மறுபடி சுற்றவிட்டிருப்பார்கள். அண்டார்டிகாவைச் சுற்றி மிதக்கும் கடல்பனி 2014 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது உண்மைதான். அந்த ஆண்டு செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. அப்புறம் சடாரென்று சரிந்தது, 2023 பிப்ரவரியில் பதிவானதிலேயே மிகக் குறைந்த அளவுக்கு வந்தது. இது மிதக்கும் பனியின் கதை. நிலத்தின்மேல் இருக்கும் பனிவிரிப்போ மொத்தத்தில் குறைந்துகொண்டுதான் வருகிறது. இரண்டு டப்பா சோதனையை நினைவுபடுத்தினால் எந்தச் செய்தி எந்த டப்பாவைப் பற்றியது என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

புதுச்சேரிக் கடற்கரையில் மணல் காணாமல் போனதை உதாரணமாகச் சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் காலநிலை மாற்றத்துக்கு உதாரணமாக அல்ல. நம் கரையில் அலை, ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்புகள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கிக்கொண்டது, வடக்கே நகரத்துக் கரைக்கு வர வேண்டிய பங்கு வரவில்லை. அதனால்தான் காந்தி சிலைப் பக்கம் வெறும் பாறாங்கல் மிஞ்சியது. 2018-இல் கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பச் சேர்ந்தது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் காலநிலை மாற்றம் என்று சொல்லிவிட்டால், ஒன்று தப்பு என்று தெரியவந்த நாளில் மற்ற எதையும் பிள்ளை நம்பாது. அடைபட்ட வாய்க்கால், ஏரிக்குள் கட்டிய வீடு, கல் தடுப்பு, இவை உள்ளூர்க் காரணங்கள். கடல்மட்டம் கூடக் கூட இவற்றின் தொல்லை இன்னும் பெருகும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழக்குங்கள்.

தானே, ஃபெஞ்சல் புயல்கள் காலநிலை மாற்றத்தால் வந்தவையா?

2011 டிசம்பர் 30 விடியலில் தானே கரையேறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் ஒரே காலையில் சாய்ந்தன. இப்போது வகுப்பில் இருக்கும் பல பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை, ஆனால் வீட்டில் கேட்டிருப்பார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலை அவர்களே பார்த்தார்கள். நகரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் வேறு.

வங்காள விரிகுடாவில் ஐப்பசி, கார்த்திகையில் புயல் வருவது நம் பாட்டன் காலத்திலும் உண்டு. ஒரு புயலைக் காட்டி ‘இது அதனால்தான் வந்தது’ என்று சொல்வது சரியில்லை. சரியாகச் சொல்ல முடிவது இதுதான்: காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் வருகிற புயல் கூடுதல் மழையைக் கொட்ட வாய்ப்பு அதிகம். சூடான கடல் புயலுக்குத் தீனி.

ஒரு வேண்டுகோள். வெள்ளத்தில் வீட்டையோ புத்தகப்பையையோ இழந்த பிள்ளை வகுப்பில் இருக்கலாம். ‘உன் அனுபவத்தைச் சொல்லு’ என்று எழுப்பிவிடாதீர்கள். விரும்பினால் தானே பேசும்.

‘எங்கப்பா நெய்வேலியில் வேலை பார்க்கிறார். அப்படின்னா அவர் தப்பு பண்றாரா?’ என்று ஒரு பிள்ளை கேட்டது. நான் என்ன சொல்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் சொன்ன டீச்சருக்கு அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் ஓர் இரவு பிடித்தது.

இல்லை என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நெய்வேலியில் தோண்டும் பழுப்பு நிலக்கரியை எரித்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், அதை மறைக்க வேண்டாம். அந்த மின்சாரத்தில்தான் நம் வகுப்பறையில் ஃபேன் சுற்றுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அறுபது வருடத்துக்கும் மேலாக நெய்வேலி விளக்கேற்றிக்கொண்டிருக்கிறது. அப்பா செய்வது உழைப்பு. எதை எரித்து மின்சாரம் எடுப்பது என்பதை முடிவு செய்வது நாடு. அந்த நெய்வேலி நிலக்கரி நிறுவனமே இப்போது சூரிய மின்நிலையங்களும் நடத்துகிறது, நாளைக்கு அந்தப் பிள்ளை அங்கே வேலைக்குப் போகலாம்.

மேல்வகுப்பாக இருந்தால் ஒரு கணக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டில் இந்தியர் ஒருவர் பங்குக்கு வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். உலகச் சராசரி 4 டன்னுக்கு மேல். அமெரிக்கர் ஒருவருக்கு 14 டன்னை ஒட்டி. குற்ற உணர்ச்சியைச் சுமக்க வேண்டியவர் ஏழாம் வகுப்புப் பிள்ளை இல்லை.

‘உலகம் அழிஞ்சிடுமா மிஸ்?’ என்று அழுகிறார்கள்.

அழியாது என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. அண்டார்டிகா முழுக்க உருகினால் கடல் 58 மீட்டர் உயரும் என்ற எண்ணை யூடியூப்பில் பார்த்துவிட்டு வருவார்கள். எண் சரிதான். ஆனால் அது நடந்து முடிய ஆயிரக்கணக்கான வருடம் ஆகும் என்பதை அந்த வீடியோ சொல்லியிருக்காது. நம் காலத்தில் பேச வேண்டியது சென்டிமீட்டர் கணக்கு. அது கடலோரக் குப்பங்களுக்குப் பெரிய கவலைதான், பிரளயம் இல்லை.

பயமுறுத்தி முடித்த வகுப்புக்குப் பின் கையால் செய்ய ஒன்று கொடுங்கள். பங்குனி ஆமை கரையேறும் மாதங்களில் வனத்துறையும் தன்னார்வலர்களும் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைப்பார்கள், கேட்டுக்கொண்டு அழைத்துப் போகலாம். மணல் சூடு கூடினால் பெண் ஆமைகளே அதிகம் பொரியும் என்று அங்கேயே சொல்லலாம். பிச்சாவரம் அலையாத்திக் காடு இன்னொரு நல்ல வகுப்பறை, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்ந்தது.

அண்டார்டிகாவில் இந்தியர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1982 ஜனவரி 9-ஆம் தேதி கடல் அறிவியலாளர் எஸ்.இசட். காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு அங்கே இறங்கியது. அடுத்து தட்சிண கங்கோத்ரி என்ற நிலையம் கட்டினார்கள். மிதக்கும் பனித்தட்டின்மேல் கட்டியதால், மேலே மேலே பனி சேர்ந்து அது புதைந்தே போனது. பாடம் கற்றுக்கொண்டு, மைத்ரி என்ற அடுத்த நிலையத்தைப் பாறைத் தரையில் அமைத்தார்கள், அது 1989. மூன்றாவது நிலையம் பாரதி, அது 2012. வடக்கே ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி என்ற நிலையம் 2008-இலிருந்து இருக்கிறது. இவற்றை நடத்தும் தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மையம் கோவாவில் இருக்கிறது.

ஆண்டில் சுமார் இரண்டு மாதம் மைத்ரியில் சூரியனே உதிக்காது. அந்த இரண்டு மாதமும் சமையல்காரர் எதை வைத்துச் சமைப்பார் என்று ஒரு பட்டியல் எழுதச் சொல்லிப் பாருங்கள். முருங்கைக்காய் வைத்திருந்த பட்டியல்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன.

போர்ஷன் முடிக்கவே நேரம் இல்லை. எந்த வகுப்பில், எப்போது?

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புச் சமூக அறிவியலில் வானிலையும் காலநிலையும் ஒரு பாடம், அண்டார்டிகா ஆப்பிரிக்காவோடும் ஆஸ்திரேலியாவோடும் சேர்ந்து இன்னொரு பாடம். அந்த இரண்டுக்கும் நடுவே இரண்டு பீரியடு திருடிக்கொள்ளுங்கள். டப்பா சோதனை ஒன்று, வெள்ளைத் துணி கறுப்புத் துணி ஒன்று. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் பாட வரிசை வேறு, சோதனைகள் அதேதான். ஆறாம் வகுப்புக்குக் கீழே கார்பன் எல்லாம் வேண்டாம். உள்ளானும் பென்குயினும் போதும்.

பென்குயினுக்குக் கால் சில்லிடாதா? வெறுங்காலோடுதானே நிற்கிறது?

ஒன்றாம் வகுப்பிலிருந்து தலைமையாசிரியர் வரை கேட்கும் கேள்வி. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த குழாயும் ஒட்டி ஒட்டிப் போகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்திடம் கொடுத்துவிட்டுத்தான் கீழே வருகிறது. அதனால் பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கும், உடம்புச் சூடும் வீணாகாது. உடம்பைக் காப்பது இறகும் தோலுக்கடியில் உள்ள கொழுப்பும். அதை உணர்த்த ஒரு பிளாஸ்டிக் பைக்குள் டால்டாவைப் போட்டு, அதற்குள் இன்னொரு பையைச் செருகி, கையை அந்த உள்பையில் விட்டு ஐஸ் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். மற்றக் கை வெறும் பையோடு. டால்டா இல்லாத கையை அரை நிமிடத்தில் வெளியே இழுத்துவிடுவார்கள். பையை மட்டும் ரப்பர் பேண்டு போட்டு நன்றாகக் கட்டுங்கள், யூனிபார்மில் டால்டா பட்டால் மறுநாள் அம்மா பள்ளிக்கு வந்துவிடுவார்.